களப்பு நண்டு கடலுக்குப் போகும் வழி

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் தொழிலில் இருப்பவர்களை இப்படியான மேடைக்கு அழைத்தால், நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவற்றை நாங்கள் கிளினிக்கில் நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்களும் கேட்டுக் களைத்திருப்பீர்கள். ஆகவே இன்று நோய்களை ஒருபுறம் வைத்துவிட்டு, நம் எல்லோருக்கும் பழக்கமான ஓர் உயிரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். மட்டக்களப்பில் வளர்ந்த ஒருத்தி ரொறன்ரோவில் இருந்தாலும், லண்டனில் இருந்தாலும், சிட்னியில் இருந்தாலும், ஊர்ச் சாப்பாடு என்ற பேச்சு வந்தால் களப்பு நண்டின் பெயர் வராமல் அந்தப் பேச்சு முடிவதில்லை.

கறிச்சட்டியில் கிடக்கும் நண்டை நமக்கு நன்றாகத் தெரியும். அது எப்படி வளர்கிறது, எங்கே முட்டை பொரிக்கிறது, அதன் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், களப்புக் கரையில் வளர்ந்த நம்மிலும் பலர் தடுமாறுவோம். களப்பு நண்டு களப்பிலேயே பிறந்து களப்பிலேயே வளர்கிறது என்றுதான் நினைத்திருப்போம். அப்படியல்ல. அது வளர்வது களப்பில், பிறப்பது கடலில். இந்த ஒரு செய்தியை விளக்கமாகச் சொல்வதும், அதனால் நமக்கு என்ன கடமை வருகிறது என்று யோசிப்பதுமே இந்த உரையின் நோக்கம்.

எந்த நண்டைப் பற்றிப் பேசுகிறோம்?

நமது சந்தைக்குப் பல நண்டுகள் வருகின்றன. புள்ளியும் கோலமும் போட்ட உடம்போடு, நீண்ட நீலக் கால்களோடு வருவது நீலக்கால் நண்டு. அது வேறு இனம். நாம் பேசுவது கரும்பச்சையும் மண்ணிறமும் கலந்த, தடித்த ஓடும் பெரிய கவ்வுகால்களும் கொண்ட சேற்று நண்டு. கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே சேற்றில் வளை தோண்டி வாழ்வதால் அதைக் கண்டல் நண்டு என்றும் சொல்வார்கள். விஞ்ஞானப் பெயர் சில்லா. ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பசுபிக் தீவுகள் வரை இந்த நண்டு பரந்து வாழ்கிறது.

நீண்ட காலமாக இது ஒரே இனமா, பல இனங்களா என்ற குழப்பம் இருந்தது. 1998 ஆம் ஆண்டில்தான் இதில் நான்கு இனங்கள் உண்டு என்று தெளிவாக வகுத்தார்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் சில்லா திராங்குபாரிக்கா. திராங்குபார் என்பது தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியை டேனிஷ்காரர் அழைத்த பெயர். அங்கிருந்து போன நண்டைக் கொண்டு 1798 இல் பபிரிசியஸ் என்ற டென்மார்க் விஞ்ஞானி அந்தப் பெயரை வைத்தார். நமது நாட்டுக் களப்புகளில் அதிகம் அறியப்பட்டது சில்லா செராற்றா. நான்கு இனங்களிலும் உருவத்தில் பெரியதும் அதுவே. நன்றாக வளர்ந்த ஆண் நண்டு 2 கிலோகிராமையும் தாண்டும். சிங்கப்பூர் உணவகங்களில் இலங்கை நண்டு என்று தனிப் பெயர் சொல்லி விற்கப்படுவது இதுதான்.

சட்டையைக் கழற்றி வளரும் உயிர்

நமது உடம்பில் எலும்பு உள்ளே இருக்கிறது, சதை வெளியே இருக்கிறது. எலும்பு வளர வளர நாமும் வளர்கிறோம். நண்டுக்கு வன்கூடு வெளியே இருக்கிறது. உயர்தர விலங்கியல் வகுப்பில் புறவன்கூடு என்று படித்தது நினைவிருக்கும். அந்த ஓடு கல்லைப்போல் கடினமானது, அது பெருக்காது. உள்ளே இருக்கும் உடம்பு வளர்ந்துவிட்டால், பழைய ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்வதைத் தவிர நண்டுக்கு வேறு வழியில்லை. பள்ளிக்கூடச் சீருடை கட்டையாகிவிட்டால் புதிதாகத் தைப்பதைப் போன்றதுதான். ஆனால் நண்டுக்கு இது உயிரைப் பணயம் வைக்கும் வேலை.

கழற்றும் நாள் நெருங்கும்போது, பழைய ஓட்டின் உட்புறம் சிறிது கரைந்து அதிலுள்ள கல்சியத்தில் ஒரு பங்கு உடம்புக்குள் எடுக்கப்படுகிறது. அதன் அடியில் புதிய, மென்மையான ஓடு உருவாகிறது. பின்னர் முதுகின் பின்விளிம்பில் வெடிப்பு ஏற்பட, நண்டு பின்பக்கமாக மெல்ல மெல்ல வெளியே வருகிறது. கால்கள், கவ்வுகால்கள், கண்களின் மேற்பரப்பு, பூக்களின் உறை எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வரவேண்டும். உணவை அரைக்கும் பற்கள் நண்டுக்கு இரைப்பைக்குள் இருக்கின்றன. இரைப்பையின் உட்சுவரும் அந்தப் பற்களும்கூடப் பழைய ஓட்டோடு கழன்று போகின்றன. கரையோரங்களில் முழு நண்டு செத்துக் கிடப்பதுபோல் தோன்றி, கையில் எடுத்தால் வெறும் கோதாக இருப்பது இதனால்தான்.

வெளியே வந்த நண்டு உடனடியாக நீரை உறிஞ்சிப் பெருக்கிறது. ஓடு மென்மையாக இருக்கும் அந்தச் சிறிது நேரத்துக்குள் எவ்வளவு பெருக்க முடியுமோ அவ்வளவுதான் வளர்ச்சி. பிறகு ஓடு இறுகிவிடும். நன்றாக இறுகச் சில நாட்கள் பிடிக்கும். உள்ளே சதை நிறைய இன்னும் சில வாரங்கள் ஆகும். சந்தையில் பெரிதாகத் தெரிந்த நண்டை வாங்கி வந்து உடைத்தால் தண்ணீர் வடிந்து சதை இல்லாமல் போகிறதல்லவா? அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்று நாம் திட்டுகிறோம். உண்மையில் நண்டு வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் பிடிபட்டுவிட்டது. இப்படிப் பிடிபடும் நண்டுகளைக் கூடுகளில் விட்டு இரைபோட்டுச் சில வாரங்கள் கொழுக்க வைத்து விற்பதை நமது நாட்டிலும் ஒரு தொழிலாகச் செய்கிறார்கள்.

மென்மையான ஓட்டோடு இருக்கும் நண்டால் ஓட முடியாது, கடிக்க முடியாது. மீன் தின்னும், பறவை தின்னும், எல்லாவற்றுக்கும் மேலாக மற்ற நண்டே தின்னும். அந்த நேரத்தில் ஒளிந்திருக்க ஓர் இடம் வேண்டும். கண்டல் வேர்களும், வேர்களுக்கடியிலுள்ள வளைகளும், களப்பின் சாதாளைப் படுக்கைகளும் அந்த இடத்தைக் கொடுக்கின்றன. கொத்தமல்லி விதையளவு குஞ்சாக வரும் நண்டு, முழு வளர்ச்சி அடைவதற்குள் ஏறக்குறைய பதினைந்து தடவை ஓடு கழற்றுகிறது. தொடக்கத்தில் சில நாட்களுக்கு ஒரு தடவை. போகப்போக மாதக்கணக்கான இடைவெளி. அத்தனை தடவையும் அதற்கு ஒளிவிடம் தேவை. நாங்கள் கண்ணாப் பற்றை என்று சொல்லி, எதற்கும் உதவாத சேற்றுக்காடாக எண்ணி வெட்டித்தள்ளிய இடங்கள்தான் நண்டுக்குப் பிரசவ விடுதிக்குப் பிந்திய பிள்ளை வளர்ப்பகம்.

இழந்த காலும் இப்படித்தான் திரும்புகிறது. எதிரி காலைப் பிடித்துக்கொண்டால் நண்டு அந்தக் காலைத் தானே கழற்றிவிட்டுத் தப்பிவிடும். அதற்கென்றே காலின் அடியில் ஒரு முறியும் இடம் உண்டு. அங்கே சிறு மொட்டு தோன்றி, அடுத்த ஓடு கழற்றலின்போது புதிய காலாக விரிகிறது. முதலில் சிறிதாக இருக்கும். ஓரிரு கழற்றலுக்குப் பின் பழைய அளவை எட்டும்.

கண்ணுக்குள் இருக்கும் கட்டுப்பாடு

எப்போது கழற்றுவது என்று நண்டுக்கு யார் சொல்கிறார்கள்? இங்கேதான் வைத்தியர்களாகிய எங்களுக்குப் பழக்கமான ஓமோன் வருகிறது. நண்டின் கண்கள் இரண்டு சிறு தண்டுகளின் நுனியில் இருக்கின்றன. அந்தத் தண்டுகளுக்குள் உள்ள சுரப்பி, இப்போது கழற்றாதே என்று தடுக்கும் ஓமோனைச் சுரந்துகொண்டிருக்கிறது. உடம்பின் முன்பகுதியில் உள்ள இன்னொரு சுரப்பி, கழற்று என்று சொல்லும் எக்டைசோன் என்ற ஓமோனைச் சுரக்கக் காத்திருக்கிறது. கண்தண்டின் தடை குறையும்போது எக்டைசோன் கூடுகிறது. நண்டு ஓடு கழற்றத் தயாராகிறது. கண்தண்டை நீக்கினால் நண்டு விரைவாக ஓடு கழற்றுகிறது என்பதை, ஒரு கை மட்டும் பெருத்த சிறு சேற்று நண்டுகளில் சார்ள்ஸ் செலனி என்பவர் 1905 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். கண்தண்டு சூலகத்தின் வளர்ச்சியையும் தடுத்து வைத்திருக்கிறது. இதை அறிந்துகொண்டுதான் உலகின் பல இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்ணை நீக்கிச் சினை பிடிக்க வைக்கிறார்கள். நாம் மலிவாக வாங்கும் உணவுகளின் பின்னால் இப்படியும் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எக்டைசோன் என்பது நமது பெண்மை ஓமோன்களைப் போலவே ஸ்ரீரொயிட் வகையைச் சேர்ந்தது. அது கொலஸ்திரோலிலிருந்து உண்டாகிறது. நமது ஈரல் தானே கொலஸ்திரோலை உண்டாக்கும். நண்டால் அது முடியாது. இரையிலிருந்தே பெறவேண்டும். நண்டு சாப்பிடலாமா, கொலஸ்திரோல் கூடுமா என்று நீங்கள் எங்களிடம் கேட்கிறீர்கள். நண்டுக்கோ கொலஸ்திரோல் கிடைக்காவிட்டால் வளர்ச்சியே இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்வதானால்: நண்டின் சதையைவிடச் சினையில்தான் கொலஸ்திரோல் அதிகம். சினையைப் பற்றி இன்னும் பேசவேண்டியிருக்கிறது.

பெரியபிள்ளையாகும் நண்டு

பெண் நண்டின் வாழ்க்கையில் ஓர் ஓடு கழற்றல் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. விஞ்ஞானிகள் அதைப் பூப்புக் கழற்றல் என்றே அழைக்கிறார்கள். நமது ஊர்ப் பேச்சில் சொன்னால், நண்டு பெரியபிள்ளையாகிறது. சூடான நமது நீர்நிலைகளில் பிறந்து ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டளவில், பல இடங்களில் ஓட்டின் அகலம் 12 சென்ரிமீற்றரை அண்டும்போது இது நடக்கிறது.

இந்தக் கழற்றலுக்குச் சில நாட்களுக்கு முன்பே பெண் நண்டு நீரில் ஒரு வேதிச் செய்தியை விடுகிறது. அதை உணர்ந்து வரும் ஆண் நண்டு, பெண்ணைத் தன் கால்களால் அணைத்துத் தனக்கடியில் வைத்துக்கொண்டு நாட்கணக்காகச் சுமந்து திரிகிறது. பெண் ஓடு கழற்றும்போது விட்டுக்கொடுத்து நிற்கிறது. கழற்றி மென்மையாக இருக்கும்போது கலவி நிகழ்கிறது. அதன் பிறகும், ஓடு இறுகும்வரை சில நாட்கள் பெண்ணைக் காத்து நிற்கிறது. மற்ற நேரங்களில் ஒன்றையொன்று தின்னும் உயிர்களிடம் இந்தக் காவலைப் பார்ப்பது வியப்புத்தான். பெண்ணைவிட ஆண் பெரிதாக இருந்தால்தான் இதைச் செய்ய முடியும். பெரிய ஆண்களை எல்லாம் பிடித்துவிட்டுச் சிறியவற்றை மட்டும் விட்டுவைத்தால் இந்தக் காவலும் குறைந்துவிடும்.

ஆணிடமிருந்து பெற்ற விந்தைப் பெண் நண்டு தன் உடம்பிலுள்ள பைகளில் மாதக்கணக்காகச் சேமித்து வைத்திருக்கும். ஒரு தடவை சேர்ந்ததைக் கொண்டு இரண்டு, சில வேளை மூன்று தடவை முட்டையிடும். பெரும்பாலான பெண் நண்டுகளுக்கு இந்தப் பூப்புக் கழற்றலே கடைசிக் கழற்றல். அதன் பிறகு எடுக்கும் சக்தியெல்லாம் சினைக்கே போகிறது. ஓட்டைத் திறந்தால் செம்மஞ்சள் நிறத்தில் திரண்டு தெரிவது முட்டையிடப்படாத சூலகம். இதைத்தான் நாம் சினை என்று சொல்லி ஆசையாகச் சாப்பிடுகிறோம். கூடுதல் விலை கொடுத்தும் வாங்குகிறோம்.

கடலுக்குப் போகும் தாய்

சினை முற்றிய பெண் நண்டு களப்பை விட்டுப் புறப்படுகிறது. முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குப் போகிறது. வட அவுஸ்திரேலியாவில் இறால் பிடிக்கும் இழுவைப் படகுகளில் அகப்பட்ட முட்டைத் தாய்களை வைத்து ஆராய்ந்து 1994 இல் வெளியிட்டபோது, அவை கரையிலிருந்து 95 கிலோமீற்றர் தூரம் வரையிலும் காணப்பட்டன. நீந்தும் துடுப்புப் போன்ற கடைசிக் கால்களின் பயன் அப்போதுதான் நமக்குப் புரிகிறது.

அங்கே கடலடி மணலில் முட்டைகளை வெளியேற்றுகிறது. முட்டைகள் உதிர்ந்து போவதில்லை. வயிற்றுப் பக்கத்தில் மடிந்திருக்கும் அகன்ற மடலுக்கடியில், மயிர்கள் நிறைந்த சிறு தூக்கங்களில் ஒட்டி, பஞ்சுப் பொதிபோல் தொங்குகின்றன. ஒரு தடவையில் 10 இலட்சம் முதல் 60 இலட்சம் வரை முட்டைகள் இருக்கும். ஒரு பெண்குழந்தை பிறக்கும்போது அதன் இரண்டு சூலகங்களிலும் இருப்பது 10 முதல் 20 இலட்சம் முட்டைகள். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருவது 400 அளவில்தான். நண்டுத் தாய் ஒரே தடவையில் அதற்கு மேலேயே சுமக்கிறாள். தொடக்கத்தில் செம்மஞ்சளாக இருக்கும் பொதி, குஞ்சுகளுக்குக் கண் தோன்றத் தோன்றக் கறுத்துவருகிறது. ஏறக்குறைய இரண்டு வாரம் மடலை அசைத்து அசைத்து நீரோட்டம் கொடுத்துக் காத்தபின் குஞ்சுகள் பொரிக்கின்றன.

பொரிக்கும் குடம்பி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். நண்டின் சாயலே இருக்காது. பெரிய கண்ணும் முள்ளும் வாலுமாக நீரில் மிதக்கும். சோயியா என்று பெயர். அது ஐந்து பருவங்களைக் கடந்து, மெகலோப்பா என்ற ஆறாவது பருவத்துக்கு வருகிறது. கவ்வுகாலும் வாலும் இருக்கும் இந்த மெகலோப்பாதான் மீண்டும் கரையை நோக்கி வந்து, வற்றுப்பெருக்கோடு களப்புக்குள் நுழைந்து, முதல் குட்டி நண்டாக மாறுகிறது. எல்லாமாக நான்கு வாரங்கள் அளவு ஆகும்.

இவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? குட்டி நண்டும் வளர்ந்த நண்டும் மழைக்கால நன்னீரையும் கோடைக்கால உவரையும் தாங்கும். சோயியாவால் அது முடியாது. கடல்நீரின் உப்புப் பாதிக்குக் குறைந்தால் அவை பெருமளவில் இறந்துவிடுகின்றன. மாரி மழையில் நன்னீராகிவிடும் களப்பில் அவற்றைப் பொரிக்க முடியாது. தாயின் பயணம் அந்தக் குஞ்சுகளுக்காகத்தான்.

இலட்சக்கணக்கான குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை மீன்களுக்கு இரையாகிவிடும். களப்பில் நண்டின் தொகை குறையாமல் இருக்க ஒரு தாயின் வாழ்நாள் முட்டைகள் அனைத்திலிருந்தும் சராசரியாக இரண்டு மட்டும் வளர்ந்து ஆளானால் போதும். கணக்கு இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது. அந்த இரண்டும் வரவேண்டுமானால் தாய் கடலுக்குப் போய்ச் சேரவேண்டும்.

நமக்குத் தெரியாமல் தடுக்கும் கை

இப்போது நாம் கவனிக்கவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். முட்டைப் பொதி வெளியே தெரியும் நண்டைப் பிடிக்கக்கூடாது, விட்டுவிடவேண்டும் என்று பலரும் சொல்வார்கள். நல்ல வழக்கந்தான். ஆனால் களப்பு நண்டு விடயத்தில் அது மட்டும் போதாது. ஏனென்றால் பொதி வெளியே வரும் நேரத்தில் தாய் நண்டு பெரும்பாலும் கடலில் இருக்கிறது. களப்பில் பிடிபடுவதும் சந்தைக்கு வருவதும் சினை உள்ளே இருக்கும் தாய். அவள் பயணத்துக்குப் புறப்படும் தாய். முட்டை வெளியே தெரியாததால் யாருக்கும் இரக்கம் வருவதில்லை. நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் சினை நண்டு ஒவ்வொன்றும் கடலுக்குப் போகவிருந்த, 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டை.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதை உணர்ந்து, பெண் சேற்று நண்டு எதையுமே பிடிக்கக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். ஆண் நண்டும் 15 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் குறைந்தால் விட்டுவிடவேண்டும். நமது கடற்றொழிலாளர் குடும்பங்களின் நிலை வேறு. ஒரு நாள் வலையில் அகப்பட்டதுதான் அன்றைய அரிசி. சினை நண்டுக்கு விலை அதிகம் என்றால் அதை அவர்கள் விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த விலையைக் கொடுப்பவர்கள் யார்? நாமும், கொழும்பு ஹோட்டல்களும், வெளிநாட்டுக் கடைகளும், அங்கே வாங்கும் நம் உறவுகளும்.

அடுத்தது வழி. நமது கடலில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கடலின் தள்ளுதல் குறைவாக இருப்பதால் கோடையில் களப்பின் வாயை மணல் அடைத்துவிடுகிறது; மாரி வெள்ளம் வந்தால் மீண்டும் திறக்கிறது. மட்டக்களப்புக் களப்பு ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோடு அது சேரும் இடங்கள் பாலமீன்மடுப் பக்கத்திலும் கல்லாற்றிலும்தான். இத்தனை நீளக் களப்பின் தாய் நண்டுகளெல்லாம் போவதும், குஞ்சுகளெல்லாம் வருவதும் அந்தச் சிறு வாய்களால். அவற்றின் குறுக்கே வலைகள் அடுக்கடுக்காக நின்றால் என்னவாகும் என்று நாமே யோசிக்கலாம். வடக்கே தொண்டைமானாற்றில் உவர்நீர் உள்ளே வராமல் தடுக்கக் கதவணை கட்டினார்கள். நன்னீர் வேண்டும் என்ற கமக்காரரின் தேவை உண்மையானது. ஆனால் கதவு மூடும்போது நீர் மட்டும் நிற்பதில்லை. கடலுக்குப் போகும் உயிர்களும் நிற்கின்றன. இப்படியான இடங்களில் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவெடுப்பவர்கள் மீன்பிடிப்பவர்களையும் கூப்பிட்டுக் கேட்கவேண்டும்.

மூன்றாவது, கண்டல். புத்தளம் பக்கத்தில் 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காகப் பெருமளவு கண்டல் அழிந்தது. நமது பகுதியில் போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணங்களுக்காக வீதியோரக் கண்டல்கள் வெட்டப்பட்டன. பிறகு நிரப்பிக் கட்டடம் கட்டியதும் உண்டு. கண்டலை நடும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன. சரியான இனத்தை, நீர் வந்துபோகும் சரியான இடத்தில் நடாவிட்டால் அவை பிழைப்பதில்லை. இருப்பதை வெட்டாமல் விடுவதே முதல் நடுகை.

நாம் என்ன செய்யலாம்?

சகோதரிகளே, நண்டு சாப்பிடுவதை நிறுத்துங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு இந்த மண்டபத்திலிருந்து நல்லபடியாக வெளியே போகவும் முடியாது. எதை வாங்குவது என்பதை அறிந்து வாங்குவோம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நண்டைத் திருப்பி வயிற்றைப் பாருங்கள். மடல் ஒடுங்கி, கூர்மையாக இருந்தால் அது ஆண். சற்று அகன்ற முக்கோணமாக இருந்தால் இன்னும் பெரியபிள்ளையாகாத பெண். அகன்று, வட்டமாகி, கறுத்த நிறத்தோடு வயிற்றை மூடியிருந்தால் அது முட்டையிடும் தாய். இந்த மூன்றையும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். வளர்ந்த ஆண் நண்டைக் கேட்டு வாங்குவோம். ஆணின் கவ்வுகாலில் சதை அதிகம். சமையலில் நமக்கு நட்டமில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் நண்டை மலிவு என்று வாங்காதிருப்போம். சினை நண்டு வேண்டும் என்று சொல்லி வைத்து வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரிகளும் கடையில் ஒரு தடவை கேட்டால் போதும். இரண்டு மூன்று பேர் கேட்டால் கடைக்காரர் இறக்குமதி செய்பவரிடம் கேட்பார்.

இன்னொரு யோசனையைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். நூற்றாண்டின் நினைவாகக் கட்டடங்களும் பரிசில்களும் வருகின்றன. அவற்றோடு ஒரு தடித்த கொப்பியையும் ஓர் அளவுகோலையும் நமது விஞ்ஞான மன்றத்துக்குக் கொடுப்போம். மாதம் ஒரு தடவை மாணவிகள் ஓர் ஆசிரியையோடு சந்தைக்குப் போய், அன்று வந்த களப்பு நண்டுகளில் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை தாய் என்று எண்ணி, ஓட்டின் அகலத்தை அளந்து எழுதட்டும். விற்பவர்களிடம் எங்கே, எந்த வலையில் பிடித்தது என்று கேட்டு அதையும் எழுதட்டும். ஓராண்டு எழுதினால், தாய் நண்டுகள் எந்த மாதங்களில் அதிகம் பிடிபடுகின்றன என்று நமது களப்புக்கே உரிய ஒரு பதிவு கிடைக்கும். பத்தாண்டு எழுதினால், நண்டின் அளவு சிறுக்கிறதா என்று யாரும் மறுக்க முடியாதபடி தெரியும். முகத்துவாரத்தில் எந்த மாதம் வலை போடாமல் விடலாம் என்று கடற்றொழிலாளர் சங்கங்களோடு உட்கார்ந்து பேச, அந்தக் கொப்பி ஒன்றே போதும். செலவு பஸ் காசு மட்டுந்தான். அதைத் தர நாங்கள் இருக்கிறோம்.